கிழட்டு ஆட்டுக்கும் வண்டி வரும்: 1962 கால்நடை ஊர்தி பற்றி

வீட்டில் வயதாகிப்போன ஆடு ஒன்று இருக்கிறது, விற்க மனசில்லை, கறிக்குக் கொடுக்கவும் மனசில்லை, அது படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை என்கிற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 1962-க்குப் போன் போடுங்கள். அரசாங்கத்தின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி, கட்டணமில்லாத எண், வீட்டுக்கே வருகிறார்கள், வைத்தியத்துக்குப் பணம் வாங்குவதில்லை. இது கறவை மாட்டுக்கு மட்டும்தான் என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டுக்கும் வருவார்கள். பால் வற்றி, குட்டி போடுவதும் நின்று பல வருடம் ஆன ஆட்டுக்கும் வருவார்கள். எங்கள் ஆட்டின் கடைசிக் காலம் ஓரளவு நிம்மதியாகக் கழிந்தது என்றால் அதில் பெரிய பங்கு இவர்களுக்கு உண்டு.

எங்கள் ஆடு வள்ளி. கன்னி ஆட்டு இனம். விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கருப்பு உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் கோடு, கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செவப்பாக இருந்தால் செங்கன்னி. வள்ளி செங்கன்னி. ஈன்றவுடன் தாய் ஆடு செத்துப்போனதால் அம்மா புட்டிப்பால் கொடுத்து வளர்த்த குட்டி, அதனால் மந்தையோடு போனாலும் சாயங்காலம் கொட்டகைக்குப் போகாமல் நேராக அடுப்படி வாசலுக்குத்தான் வரும். ஆடு பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும், கவனிப்பு நன்றாக இருந்தால் 15-ஐயும் தாண்டும். ஆனால் நம் ஊரில் ஆடு கிழடாகி நாம் பார்ப்பதே அபூர்வம், அதற்கு வெகுகாலம் முன்பே வியாபாரி கைக்குப் போய்விடும். கிழட்டு ஆட்டை எப்படிப் பராமரிப்பது என்று கேட்டால் ஐம்பது உருப்படி வைத்திருப்பவருக்குக் கூட சட்டென்று பதில் வராததற்கு அதுதான் காரணம். வள்ளிக்கு 13 முடிந்திருந்தது.

முதலில் போனது பல். ஆட்டுக்கு முன்பக்கம் கீழ்த்தாடையில் மட்டும்தான் எட்டுப் பல், மேலே வெறும் ஈறுதான். நாலு வயதுக்குள் எட்டும் சேர்ந்துவிடும், அதற்கு அப்புறம் தேய்வதும் இடைவெளி விழுவதும் ஆடுவதும் விழுவதும்தான். வள்ளிக்கு முன்பல் மூன்றோ நாலோதான் மிச்சம். அதோடு முன்னங்கால் முட்டி வீங்கிப்போய், காலையில் எழுந்திருக்கும்போது முட்டி போட்டபடியே கொஞ்ச நேரம் நின்று, அப்புறம்தான் பின்பக்கத்தைத் தூக்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் லோடு ஆட்டோ பிடிக்க வேண்டும், அந்த வெயிலில், அந்த ரோட்டில், மூட்டு வலி உள்ள ஜீவனைத் தட்டில் நிற்க வைத்துக் கொண்டுபோவதே அதற்கு இன்னொரு நோய். வண்டி வீட்டுக்கு வருகிறது என்பதன் அருமை இந்த இடத்தில்தான் தெரிகிறது. இளம் ஆட்டை எப்படியாவது கொண்டுபோய்விடலாம். கிழட்டு ஆட்டுக்கு அந்தப் பயணமே ஆகாது.

போன் போட்டால் மாவட்டம், ஒன்றியம், ஊர், அடையாளம், என்ன பிராணி, என்ன தொந்தரவு என்று கேட்கிறார்கள். இதற்கு முன்கூட்டியே தயாராக இருங்கள். எத்தனை நாளாகத் தீனி குறைந்திருக்கிறது, அசை போடுகிறதா, புழுக்கை எப்படி இருக்கிறது, உருண்டையாக இருக்கிறதா, சேர்ந்து கட்டியாக விழுகிறதா, கழிச்சலா, தண்ணீர் குடிக்கிறதா, எழுந்து நிற்கிறதா. இதையெல்லாம் தெளிவாகச் சொன்னால் வருகிறவர்களுக்கு நேரம் மிச்சம். வண்டியில் டாக்டர், உதவியாளர், டிரைவர் என்று மூன்று பேர். எங்களுக்கு வந்தது ஒரு டாக்டரம்மா.

அந்தப் பெண் பார்த்த விதத்தை விவரமாக எழுத வேண்டும். வந்தவுடன் ஊசியை எடுக்கவில்லை. தூரத்தில் நின்று வள்ளி நிற்பதையும் மூச்சு விடுவதையும் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். ஆட்டுக்குச் சுமார் 101.5 முதல் 103.5 டிகிரி பாரன்ஹீட் வரை சாதாரணச் சூடு, நமக்குக் காய்ச்சல் என்று தோன்றும் சூடுதான் அதற்கு இயல்பு. இடது பக்க விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் கையை மடக்கி அழுத்தி வைத்துக்கொண்டு இரைப்பை அசைவதை எண்ணினார், நிமிடத்துக்கு ஒன்று இரண்டு தடவை புரள வேண்டுமாம். அம்மாவின் கையையும் பிடித்து அதே இடத்தில் வைக்கச் சொன்னார். அன்றிலிருந்து தினமும் காலையில் அம்மா அதைச் செய்தார். கண்ணின் கீழ் இமையை இழுத்து நிறம் பார்த்தார். நல்ல இளஞ்சிவப்பாக இருந்தால் ரத்தம் பரவாயில்லை, வெளிறி வெள்ளையாக இருந்தால் ரத்தம் உறிஞ்சும் குடல்புழு முற்றியிருக்கலாம். வாயைத் திறந்து, கடைவாய்ப் பல் ஒரு பக்கம் தேய்ந்து கூராகி கன்னத்தைக் குத்துகிறது என்று டார்ச் அடித்துக் காட்டினார். தீனியைப் பாதி மென்று உருட்டிக் கீழே போடுவது ஏன் என்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. நடமாட்டம் குறைந்ததால் குளம்பு வளர்ந்து வளைந்திருந்தது, உதவியாளர் அதைச் சீவிவிட்டார். அதற்குப் பிறகு நிற்பதிலேயே வித்தியாசம் தெரிந்தது.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "டாக்டரம்மா, இதுக்கு வலிக்குதா? அத மட்டும் சொல்லுங்க."

"வலிக்குதும்மா. பல்ல நறநறன்னு கடிக்குது பாருங்க, அது வலிக்கான அடையாளம். வயசத் திருப்ப முடியாது. வலியக் குறைக்க முடியும்."

இந்த ஒரு பதிலுக்காகவே நான் இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். ஏனென்றால் அதுவரை எங்களுக்குக் கிடைத்த யோசனையெல்லாம் வேறு மாதிரி. இன்னும் கொஞ்சம் சதை இருக்கும்போதே தள்ளிவிடு, இதற்குப் போய் செலவு பண்ணுகிறாயா, இதுதான். அக்கம்பக்கத்தாரைக் குறை சொல்லவில்லை, ஆடு வளர்த்துப் பிழைப்பவர்களுக்கு அது கணக்கு. ஆனால் வள்ளியை யாரும் நோயாளியாகப் பார்க்கவில்லை. இந்த மூன்று பேரும் பார்த்தார்கள். எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வலி மருந்து விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1962-க்குக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு மருந்துக் கடையில் (பெயர் வேண்டாம்) ஆட்டுக்கு மூட்டு வலி என்று கேட்டபோது மனிதர்களுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசியை எடுத்து நீட்டினார்கள். நாங்கள் வாங்கவில்லை. கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் 2006-லிருந்தே இந்தியாவில் தடை. அந்த மருந்து போட்ட மாடோ ஆடோ செத்து, அதைப் பாறுக் கழுகு தின்றால் அதற்குச் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். ஆயிரக்கணக்கில் பறந்த பறவை இன்று தமிழ்நாட்டில் நீலகிரிக்குக் கீழே மோயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் ஏதோ கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் இரண்டையும் கால்நடைக்குத் தடை செய்துவிட்டார்கள். டாக்டரம்மா போட்டது மெலாக்சிகாம், கழுகுக்கு ஆபத்தில்லாதது. எங்கள் ஊரில் கழுகு ஏது என்று கேட்கலாம். இல்லாமல் போனதே இப்படித்தான். இன்னொன்றும் சொன்னார்: எந்த வலி மருந்தானாலும் தண்ணீர் சரியாகக் குடிக்காத கிழட்டு ஆட்டுக்கு அடிக்கடி போட்டால் அதன் சிறுநீரகமே தாங்காது, அதனால் எடை பார்த்து, குடிக்கும் தண்ணீரைப் பார்த்து டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும், கடையில் கேட்டு நாமாகக் குத்தக் கூடாது. குடல்புழு மருந்தும் அப்படித்தான். மெலிந்திருக்கிறது என்றவுடன் புழு மருந்தை ஊற்றுவது நம் வழக்கம். புதுப் புழுக்கையை ஒரு கவரில் போட்டு ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பதுதான் முறை என்றார். அதற்கு ஆட்டைக் கொண்டுபோக வேண்டியதில்லை, கவரை மட்டும் கொண்டுபோனால் போதும்.

தீனி. இங்கேதான் நம் வீட்டு அன்பு ஆட்டைக் கொல்லும் இடம். சாப்பிட மாட்டேன் என்கிறதே என்று சோறு, கஞ்சி, கம்மங்கூழ், அரிசி என்று ஆசையாக வைப்போம், அதுவும் மெல்ல வேண்டாம் என்பதால் ஆவலாகத் தின்னும். திடீரென்று மாவுச்சத்து நிறைய உள்ளே போனால் இரைப்பை புளித்து, அசை நின்று, கழிந்து, கிழட்டு ஆடு இரண்டு நாளில் முடிந்துவிடும். குழைதான் அதன் சாப்பாடு. அகத்தி, வேம்பு, முருங்கை எதுவானாலும் காம்பை நீக்கி, கீரை நறுக்குவது போலப் பொடியாக நறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை வைக்கச் சொன்னார். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து அதன் மேல் லேசாகத் தெளித்தால் வாசனைக்குத் தின்னும். வள்ளிக்கு வேப்பங்குழைதான் கடைசிவரை இறங்கியது, அகத்தியைக் கூட ஒதுக்கிவிட்டு அதைத்தான் தேடியது. தண்ணீர் வெதுவெதுப்பாக, துளி வெல்லமும் உப்பும் போட்டு வைத்தால் பச்சைத் தண்ணீரை விடக் கூடுதலாகக் குடித்தது. வாயில் ஊற்றும்போது தலையை அண்ணாந்து பிடித்து மூங்கில் குழாயால் கடகடவென்று விடுவது வேண்டவே வேண்டாம், புரை ஏறி நுரையீரலுக்குள் போய் சளிக்காய்ச்சல் வந்துவிடும். தலை அதன் முதுகு மட்டத்திலேயே இருக்க வேண்டும், ஊசி இல்லாத சிரிஞ்சால் வாயோரமாகக் கொஞ்சம் விட்டு, விழுங்கிய பிறகு அடுத்தது. பொறுமை வேண்டும். அம்மாவுக்கு இருந்தது, எனக்கு அம்மாவைப் பார்த்து வந்தது.

அப்புறம் ஒரு கட்டத்தில் எழுந்திருப்பது நின்றுவிட்டது. மறுபடி போன் போட்டோம், மறுபடி வந்தார்கள். வேறு டாக்டர், ஆனால் முன்னால் கொடுத்த சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். அந்தச் சீட்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.

படுத்துவிட்ட ஆட்டுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது எந்த மருந்தையும் விடப் பெரிது என்று நினைக்கிறேன். ஆடு ஒருக்களித்துத் தட்டையாகப் படுத்துக் கிடக்கக் கூடாது. அசை போடும் பிராணிக்கு வயிற்றில் வாயு ஊறிக்கொண்டே இருக்கும், அதை ஏப்பமாக விட்டாக வேண்டும். தட்டையாகக் கிடந்தால் விட முடியாமல் வயிறு உப்பி மூச்சை அடைத்துவிடும். அதனால் நெஞ்சு தரையில் படும்படி, கால்களை மடித்து, உட்கார்ந்த மாதிரி வைத்து, இரண்டு பக்கமும் மணல் கட்டிய சாக்கை அணை கொடுக்க வேண்டும். மூட்டை முழுக்க மணல் நிரப்பாமல் முக்கால்வாசி நிரப்பினால்தான் உடம்புக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பின்பக்கத்தை மாற்றி மாற்றிச் சாய்க்க வேண்டும், ராத்திரியும்தான். கீழே கனமாக வைக்கோல், அதன் மேல் சாக்கு, நனைந்தால் உடனே மாற்றல். நாங்கள் மாட்டுக்குப் போடும் ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கிப் பார்த்தோம். வழுக்காது, கழுவ எளிது, ஆனால் மூத்திரம் மேலேயே தேங்குகிறது, படுத்த ஆட்டுக்கு அது மட்டும் போட்டால் தோல் வெந்துவிடும். வைக்கோலுக்கு அடியில் போட்டால் பிரயோஜனம் உண்டு. எழுந்து நடமாடும் கிழட்டு ஆட்டுக்குத்தான் அது சரியான பொருள், முட்டிக்கு நல்லது.

ஈ விஷயத்தில் ஒரு நாள் கூட அசட்டையாக இருக்க முடியாது. வாலடியிலும் தொடையிலும் ஈரம் பட்ட முடியில் ஈ முட்டை வைத்தால் சீக்கிரமே புழு நெளியும். உதவியாளர் வால் சுற்றி முடியைக் கத்தரித்துவிட்டார். வெந்நீரில் துணியை முக்கித் துடைத்து, காயவிட்டு, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவி வந்தோம். இடுப்பெலும்பு குத்தும் இடத்தில் படுக்கைப் புண் ஆரம்பித்தது, அதற்கு அவர்கள் கொடுத்த ஸ்பிரே நன்றாக வேலை செய்தது. கடைகளில் ஈரல் டானிக், பசி டானிக் என்று வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு வாங்கிக் கொடுத்ததில் எங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அந்தக் காசுக்கு இரண்டு கட்டு அகத்தி வாங்கலாம்.

கடைசிப் பேச்சை எடுத்தது அந்த டாக்டர்தான். அம்மாவைத் திண்ணையில் உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். அசை போடுவது முழுக்க நின்றுவிட்டது, தலையைத் தூக்காமல் கழுத்தை விலாப்பக்கம் மடக்கியே வைத்திருக்கிறது, காதும் கால் நுனியும் சில்லென்று ஆகிவிட்டது, சூடு 100-க்குக் கீழே இறங்கிவிட்டது என்றால் அதற்குப் பிறகு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உதட்டை மட்டும் நனைத்துவிடுங்கள் என்றார். அதோடு, வலி மருந்துக்கும் அடங்காமல் துடித்தால் அதை வலியில்லாமல் முடித்து வைக்கவும் வழி இருக்கிறது, மீளவே முடியாத வேதனையில் இருக்கும் பிராணிக்கு 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது, கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும், நீங்கள் முடிவு செய்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். "கொன்னுருவோம்னு சொல்லலம்மா. கஷ்டப்பட விட வேண்டாம்னு சொல்றேன்." அம்மா அழுதார். ஆனால் அன்று ராத்திரி என்னிடம், அந்தத் தம்பி சொன்னது சரிதான், துடித்தால் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தார். இப்படி ஒரு பேச்சை எங்களிடம் அதுவரை யாரும் பேசியதில்லை. ஒன்று அறுத்துவிடு என்பார்கள், இல்லையென்றால் தானாகப் போகட்டும் என்பார்கள். நடுவில் ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்ததே அம்மாவுக்குப் பெரிய பலம்.

அதற்குத் தேவை வரவில்லை. வலி அடங்கியே இருந்தது, பல் கடிப்பது நின்றிருந்தது, விடியற்காலையில் அம்மா மடியில் தலை இருக்கும்போதே போய்விட்டது.

புதைப்பது பற்றியும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் யோசிக்க ஓடாது. கிணற்றுக்கும் ஓடைக்கும் எட்டத்தில், ஆறடிக்குக் குறையாமல் குழி, மேலே சுண்ணாம்பு, அதற்கு மேல் மண்ணை நன்றாக மிதித்து, முள் போட்டு விட வேண்டும், இல்லாவிட்டால் நாய் தோண்டிவிடும். மயக்க மருந்து கொடுத்து முடித்து வைத்த ஆடாக இருந்தால் இது இன்னும் முக்கியம், அந்த மருந்து உடம்பிலேயே இருக்கும், தின்ற நாயும் காக்கையும் சேர்ந்து சாகும். ஓடைப் பக்கம் தூக்கிப் போடுவதை எந்த ஆட்டுக்கும் செய்யாதீர்கள்.

சரி, இந்தச் சேவையிடம் என்னென்ன எதிர்பார்க்க முடியாது என்றும் சொல்ல வேண்டும். சுற்றுவட்டார ஊர்கள் அத்தனைக்கும் ஒரே வண்டி, லட்சம் கால்நடைக்கு ஒரு வண்டி என்பதுதான் திட்டக் கணக்கே. ஆகவே தினமும் வந்து ஊசி போடுவார்கள் என்று நினைக்காதீர்கள். அவர்கள் வந்து பார்த்து, ஆரம்பித்து, சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்கள், மிச்சம் முழுக்க வீட்டில் இருப்பவர்கள் கையில்தான். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தோடும் தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு இழுக்கும்போது கூப்பிடுவதை விட, ஆடு நடமாடிக்கொண்டிருக்கும்போதே, தீனியை உருட்டிக் கீழே போடுகிற அந்த முதல் வாரத்திலேயே கூப்பிட்டால்தான் முழுப் பலன்.

நான் கேட்பது ஒன்று உண்டு. படுத்த கால்நடையை எப்படி வைக்க வேண்டும், என்ன கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்கக் கூடாது என்று தமிழில் ஒரு பக்கத் தாள் அச்சடித்து வண்டியிலேயே வைத்திருந்து கொடுக்கலாம். டாக்டர் வேகமாகச் சொல்லிவிட்டுப் போகும்போது பதற்றத்தில் பாதி மறந்துவிடுகிறது. நான் அவர் சொல்லச் சொல்ல காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு அண்ணாச்சி வீட்டில் வயதான கிடாய் ஒன்று சாப்பிடாமல் நிற்கிறதாம், போன வாரம் அந்தத் தாளைத்தான் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். 1962-ம் அதிலேயே எழுதியிருக்கிறது.